பதினொன்று

கண்ணாடி மிதவை எட்டரையில் நின்றது.
குமிழி ஏதும் ஒட்டியிருக்குமோ என்று
ஒரு சுண்டு சுண்டிவிட்டேன்.
ஆடியது, அசடு வழிந்தது,
மறுபடி எட்டரை.

இந்த நாட்டில் பியருக்குப் பெயரைவிட எண் பெரிது.
மேசையில் உட்காரும்போதே
"பத்து" என்பார்கள், "பன்னிரண்டு" என்பார்கள்.
காய்ச்சிய கஞ்சியில் நூற்றுக்கு எத்தனை பங்கு இனிப்போ
அதுதான் அதன் குலம் கோத்திரம்.
எங்களுடையது பன்னிரண்டு என்று
ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.
எட்டரைக்கு இங்கே யாரும் எழுந்துகூட நிற்கமாட்டார்கள்.

"சூடாக இருக்கிறதே, சூட்டில் மிதவை பொய் சொல்லும்"
என்றான் வெந்தெலீன்.
குடுவையைப் பால்கனியில் வைத்தோம்.
ஆறாவது மாடி, பிர்னோவின் டிசம்பர்.
கீழே எட்டாம் எண் டிராம்
பனியை அரைத்துக்கொண்டு வளைந்தது.
ஒரு சிகரெட் நேரம்.
மிதவை பத்துக்கு ஏறிற்று.

ஆக, கொஞ்சம் பழி சூட்டின்மேல்.
மிச்சம் எங்கள்மேல்.

அரவை இயந்திரத்தைக் குனிந்து பார்த்தான்.
முழுசாகத் தப்பிய பார்லி ஒன்றுகூட இல்லை.
ஊறிய வெப்பம் சரி, கிளறியது சரி,
நேரம் சரி.
நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
தராசின்மேல் இருந்த பச்சைக் கிண்ணத்தையும்.
"பூஜ்யத்துக்குத் திருப்பினாயா?"
அவன் பதில் சொல்லவில்லை.
கிலோ கிலோவாக ஐந்து தடவை.
ஐந்து தடவையும் கிண்ணத்தை
பார்லி என்று எண்ணியிருக்கிறான்.
எண்ணூறு கிராமுக்கு மேல் பச்சை பிளாஸ்டிக்கை
ஒரு மணி நேரம் பக்குவமாக ஊறவைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை. விற்றவர் கடை பூட்டு.
அலமாரியில் ஒரு கிலோ சர்க்கரை இருந்தது.
போட்டால் எண் ஏறும், உடம்பு ஏறாது.
வெறும் தொண்டைக்குள் ஓடி மறையும் ஒன்றை
பன்னிரண்டு என்று நீட்ட
எனக்கு முகமில்லை.

"வற்றவிடுவோம்" என்றேன்.
ஹாப்ஸ் இன்னும் பொட்டலத்தில்தான், கசப்புக்குப் பயமில்லை.
இருபது லிட்டர், பத்து.
பதினாறே முக்கால் ஆனால் பன்னிரண்டு.
மரக்கரண்டியில் பென்சிலால் கோடு போட்டு
அடுப்பை முழுதாகத் திறந்தோம்.

ஜன்னல்கள் மறைந்தன.
சமையலறைச் சுவரில் ஒட்டுத்தாளின் ஒரு மூலை
தானாக எழுந்து நின்றது.
கீழ்வீட்டு ஹெத்விகா அம்மாள்
ஹீட்டர் குழாயில் மூன்று முறை தட்டினாள்,
வாசனைக்கா வியர்வைக்கா தெரியவில்லை.

காத்திருந்த நேரத்தில் கணக்குப் போட்டேன்.
பதினாறே முக்கால் என்றால் முப்பத்து மூன்று பாட்டில்.
குளிர்பெட்டிமேல் ஒட்டிய பட்டியலில் பதினெட்டுப் பேர்,
ஆளுக்கு இரண்டு.
அடியிலிருந்து இருவரை அடிக்கவேண்டும்.
பதினேழு, பல் டாக்டர். போகட்டும்.
பதினெட்டு, வேறு பென்சில், சின்ன எழுத்து:
ஸ்திபோர்.

ஒரு கராஜ் சாவிக்காக
ஒன்பது வருடம் பேசாமலிருக்கும் அண்ணன்.
எப்போது எழுதினான்?
நான் தூங்கியபின் குளிர்பெட்டி திறக்கும் சத்தம்
அடிக்கடி கேட்பதுண்டு.
வெண்ணெய்க்கு என்று நினைத்திருந்தேன்.

கரண்டியை விட்டுப் பார்த்தேன்.
பதினெட்டு லிட்டரும் ஒரு மிடறும்.
அடுப்பை அணைத்தேன்.

"இன்னும் இருக்கிறதே" என்றான்.
"கை வலிக்கிறது" என்றேன், எதையும் கிளறாத கையால்.
ஒரு கரண்டி மொண்டு பால்கனியில் ஆறவைத்து
மிதவையை இறக்கினோம்.
பதினொன்று.

"பன்னிரண்டு என்று சொன்னோமே."
"பதினொன்றையும் விற்கத்தானே செய்கிறார்கள்.
ஹாப்ஸை எடு, மறுபடி கொதிக்க வை."

அவன் பட்டியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பொட்டலத்தைப் பல்லால் கிழித்தான்.
பிறகு பச்சைக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து
காலியாகத் தராசில் வைத்து
அதன் அடியில் அழியாத மையில் எழுதினான்:
நூற்று அறுபத்தாறு.