கழித்தல் பதினொன்று

முதல் விடை இப்படி வந்தது:
மக்காச்சோளம், கழித்தல் பதினொன்று கிலோ.

இரவு பத்தே முக்கால். போச்சம்பள்ளிக்குக் கரண்ட் திரும்பிக்
கால் மணி நேரம்தான் ஆகிறது.
மூவாயிரம் கோழிகள் கொட்டகையில் முனகிக்கொண்டிருக்க
மடிக்கணினியைப் பார்த்துத் தனியே சிரித்துவிட்டேன்.

இல்லாத சோளத்தை
எந்த மூட்டையிலிருந்து எடுப்பது?
ஆனால் அதற்கு யார் சொன்னார்கள்,
பூஜ்ஜியத்துக்குக் கீழே தீவனம் கிடையாது என்று?
இந்த வீட்டின் மற்றக் கணக்கெல்லாம்
அந்தப் பக்கத்து எண்கள்தான்:
கூட்டுறவு வங்கி, எடுத்துவிட்ட சீட்டு,
சித்திரை வெயிலில் செத்த நானூறு பெட்டை.

ஒரு வரி சேர்த்தேன்.
எதுவும் பூஜ்ஜியத்துக்குக் குறையக் கூடாது.
அடித்து முடித்தபின்
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தேன்.
சாமி படத்துக்குக் கீழே இருக்க வேண்டிய வரி.

பிறகு மற்றவை.
புரதம் நூற்றுக்குப் பதினாறரைக்குக் குறையாமல்.
சுண்ணாம்புச் சத்து மூன்றே முக்கால்.
நார் ஏழைத் தாண்டாமல்.
சோயாப் பிண்ணாக்கு நாற்பத்தாறு ரூபாய்,
ராகி நொய் பத்தொன்பது, தவிடு, கிளிஞ்சல், கருவாட்டுத் தூள்.
கூழ் ஆலைக்குப் பின்னால்
ஈ மொய்க்க மலையாய்க் காய்கிற மாங்கொட்டை,
பருப்பு உடைத்து ஏழு ரூபாய்.

இரண்டாம் விடை அந்த ஏழைப் பிடித்துக்கொண்டது.
நூறு கிலோவில் முப்பத்தொன்று மாங்கொட்டை!
கிலோவுக்கு மூன்று ரூபாய் இருபது பைசா மிச்சம்.
திம்மராயன் மண்வெட்டியால் புரட்டினான்,
ஒரு சிட்டிகை வாயில் போட்டான்,
துப்பினான்.
“எனக்கே எறங்கலயேக்கா.”

சாயங்காலம் தொட்டி நிறைய அப்படியே இருந்தது.
நொய்யையும் கிளிஞ்சலையும் பொறுக்கிவிட்டுப்
பழுப்புத் தூளை மட்டும்
ஒழுங்காக ஓரத்தில் ஒதுக்கியிருந்தன.
மூன்றாம் நாள் எட்டு அட்டை முட்டை குறைந்தது.

கசப்பு என்று நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.
மூவாயிரம் அலகுகள் எழுதிக் கொடுத்தன:
மாங்கொட்டை, ஐந்துக்கு மேல் கூடாது.

மூன்றாம் விடையில் மிச்சம் ஒன்று எண்பத்தைந்து.
இன்னும் ஒரு கிலோ கசப்பை அவை தாங்கினால்
நூறு கிலோவுக்கு ஆறு ரூபாய் குறையுமாம்.
அதற்குப் பெயர் நிழல் விலை.
நாருக்கு நிழல் விலை பூஜ்ஜியம்,
எல்லை வரை அது போகவே இல்லை.
தன் எல்லையை முட்டாதவருக்கு
இந்தக் கணக்கில் மதிப்பில்லை.

தினம் முந்நூற்று முப்பது கிலோ.
அறுநூற்றுப் பத்து ரூபாய்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
திம்மராயன் காதில் விழுந்திருக்க வேண்டும்.
“நாலு சாமான் இப்ப ஏழாச்சு.
இன்னும் ரெண்டு தபா பொரட்டணும்.”

அவன் தோளுக்கு ஒரு கட்டம் போட்டேன்.
விலை?
நூறு என்றான்.
எண்பது என்றேன்.
தொட்டியில் கோழிகள் நின்ற மாதிரி நின்றான்.
நூறு என்று எழுதினேன்.

சனிக்கிழமை சோளம் விலை மாறும்,
எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.
சிறந்த விடை எப்போதும்
ஏதாவதொரு மூலையில்தான் இருக்கும் என்கிறது புத்தகம்.

கூண்டிலிருந்து போன வாரம் நழுவிய ஒரு பெட்டை
தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால்
மூலை பார்த்து முட்டையிட்டிருக்கிறது.
என்ன தின்றதோ தெரியவில்லை.
ஓடு நல்ல கெட்டி.