ஒரு பீடிக்குப் பதினேழு வெட்டு

முக்கூடல் ஆத்துல எடுத்த சண்டை
படமா வந்துட்டுன்னு
பதினோரு பேரு பஸ் ஏறினோம்.
எங்க கொழுந்தன் உச்சிமாகாளி அதுல இருக்கான்.
ரெண்டு நாள் வேலை, நாளைக்கு நானூத்தம்பது, மத்தியானம் பிரியாணி.
கட்டம் போட்ட சட்டை, தலையில ஏத்தன் தாறு.
கதாநாயகன் அடிக்கையில
தாறைக் கீழ போட்டுட்டு ஓடணும்.
அம்புட்டுத்தான்.
அதுக்கு ஒம்பது தடவை ஓடினான்.
கடைசித் தடவை தாறு பிஞ்சு
காயெல்லாம் ஆத்தோட போச்சு.

ஜங்ஷன் தியேட்டர்ல ஏசி குளுந்துது.
சண்டை தொடங்கிச்சு.

என்னத்தச் சொல்ல?
ஒரு கை. ஒரு கதவு. யாரோ செருப்பு.
தண்ணி. ஆகாசம். திரும்பவும் செருப்பு.
அடிச்சவன் எவன், வாங்கினவன் எவன்?
கேமராவைக் கெடா கழுத்துல கட்டி
கெடாவை வெரட்டி விட்டாப்புல இருக்கு.
பாப்பாக்குடி ரோட்டுல எத்தனை குழி,
அந்த பஸ்ஸில வராத குமட்டல்
மெத்தை சீட்டுல வருது.
நாத்தனா மக செண்பகக்கனி கண்ணை இறுக்கி மூடிட்டு
"முடிஞ்சதும் சொல்லுங்க அத்தை"ங்கா.

பக்கத்து சீட்டுக் கண்ணாடிக்காரன்
"நேர்ல நின்னு பாக்க மாதிரி இருக்கணும்னுதான்
இப்படி எடுக்காவ"ன்னு வெளக்கம் சொன்னான்.
நேர்லதான தம்பி நின்னேன்!
நேர்ல ஒண்ணும் ஆடலையே.
கண்ணு ஒருத்தன் மேல விழுந்தா
அவன் கீழ விழுத வரைக்கும்
அவன் மேலதான் நிக்கும்.

நான் பீடி சுத்துதவ.
எனக்கு வேகம் புரியாதுன்னு எவனும் சொல்ல முடியாது.
சொளவு மடியில, இலை இடது கையில,
தூளைப் போட்டு, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுத்துதேன்.
பாக்கவனுக்கு விரல் தெரியாது.
பீடி தெரியும்.
இருட்டுல கை சும்மா இருக்குமா?
மடியில இல்லாத இலையை எடுத்து உருட்டிப் பாத்தேன்.
ஒரு பீடி முடியுமுன்ன
திரையில பதினேழு வெட்டு.
நான் இப்படிப் பாதி பாதியாக் கொண்டு கொட்டினா
கடைக் கணக்கப்பிள்ளை ஞானசிகாமணி
கழிவுன்னு மூஞ்சியிலயே எறிவாரு.

அப்பத்தான் படம் நின்னுது.
கரண்டு இருக்கு, வெளிச்சம் இருக்கு, சத்தம் இல்லை.
மெஷின்ல என்னமோ கோளாறு.
சண்டைக்கு நடுவுல, ஒரே ஒரு படம், அப்படியே.
முன்வரிசை பூரா விசில், ஊளை.
நாங்க பதினோரு பேரும் எந்திரிச்சுத் தேடுதோம்.
"அந்தா, வலது மூலை, கட்டம் போட்ட சட்டை!"
கட்டம் தெரியுது.
தாறு தெரியுது.
மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல
ஈரத்துணியால துடைச்ச மாதிரி ஒரு இழுப்பு.
படம் நின்னுட்டு.
எங்க கொழுந்தன் இன்னும் ஆடிக்கிட்டிருக்கான்.

"நான்தானா மதினி அது?"
என்கிட்டயே கேட்டான்.

ஷூட்டிங் அன்னைக்கு மத்தியானம்
ஒண்ணு பாத்தேன்.
எல்லாரும் பந்திக்குப் போயாச்சு.
கேமரா மூணு கால் ஸ்டாண்டுல, வச்சது வச்சபடி.
குடைக்கடியில அதோட சின்னப் பெட்டியை
அணைக்க மறந்துட்டாவ.
பெட்டிக்குள்ள ஆறு ஓடுது.
பாறையில ஒரு நீர்க்காக்கா றெக்கையை விரிச்சு உணத்துது.
உச்சிமாகாளி படித்துறையில குனிஞ்சு
பிள்ளைகளுக்குப் பிரியாணி கொண்டு போக
தூக்குவாளியைக் கழுவுதான்.
கழுவுதான்.
கழுத்துல வாழைக்கறை.
நிமிந்து, ஆளில்லாத கேமராவைக் கண்டு, வெக்கப்பட்டு,
பல்லிடுக்குல எதையோ எடுத்தான்.
நானும், பவுடர் பூசுத பையனும்,
லைட்டு தூக்குத ரெண்டு பேரும்
வாயைத் திறக்காம நின்னோம்,
றெக்கை காஞ்சு அது பறக்குற வரைக்கும்.

அது பதிவாகலையாம்.
சிவப்பு விளக்கு எரிஞ்சாத்தான்
படமாம்.