ஒரு தகடு அதிகம்

எங்கள் கோபுரத்துக்குச் சட்டம் மூன்றுதான்.
தளம் முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு குமிழ்.
உயரம் பத்துச் செங்கல், கூடாது குறையாது.
வடகிழக்கு மூலையில் ஆறுக்கு ஆறு
லிஃப்ட் கிணற்றுக்கு விட்டுவிட வேண்டும்.
மீதி இடத்தில் கோயில் கட்டு, கசாப்புக் கடை வை,
நான் கேட்கமாட்டேன்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவள்.
டர்பன் கடற்கரையோரம் பத்தொன்பது கட்டடங்களின்
கிணற்றடி எண்ணெய் என் கால்சட்டையில்.
அங்கெல்லாம் ஏழாம் மாடிக்காரிக்கு
ஏழிலேயே நரைக்கிறது.
இங்கே, ரிசர்வாயர் ஹில்ஸில், என் கார் கொட்டகையில்,
சனிக்கிழமை தோறும் ஏழு மூன்றாகும்,
மூன்று உச்சிக்குப் போகும்.
நான்கு மூலைக்கும் முளை.
அமுக்கினால் 'டக்'.

பிரெனிஷாவின் தளம் பல் ஆஸ்பத்திரி.
நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தவனின் தலையை
ஜன்னல் வழியே வந்த குரங்கு கொண்டுபோய்விட்டது.
'வலி போய்விட்டது பார்' என்கிறாள்.
லுங்கேலோ கட்டியது டாக்சி ஸ்டாண்டு,
பதினொரு வெள்ளை வேன், ஒரு சோளம் சுடுகிறவள்.
வேன் எப்படி மேலே ஏறும் என்று கேட்டேன்.
'லிஃப்டில்.'
கூண்டு ஐந்து குமிழ்தானே, வேன் எட்டு.
'அதனால்தான் யாரும் இன்னும் வேலைக்குப் போய்ச் சேரவில்லை.'
இம்தியாஸ் கட்டியது
ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் கடை.
என்னுடையது மின்வெட்டு.
ஜன்னலெல்லாம் கறுப்பு,
ஒன்றில் மட்டும் மஞ்சள் கண்ணாடித் துண்டு.

எவர் எந்த மேட்டில் குடியிருக்கலாம் என்று
சட்டம் கோடு கிழித்த ஊர் இது.
முதல் நாள் லுங்கேலோ கேட்டான், மேலே யார்?
யாரும் வாய் திறக்கவில்லை.
பிறகு டீக்கோப்பையில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம்.
வாரா வாரம் குலுக்குகிறோம்.

ஒன்பது தளமும் முடிந்த அன்று
கூண்டில் சிவப்புத் தொப்பிக்காரனை ஏற்றி
நூலைச் சுற்றினேன்.
ஒன்று, சமம். இரண்டு, சமம். மூன்று, சமம்.
நான்கில் கதவு திறந்தால்
கடைத் தரை அவன் முழங்காலில் இடிக்கிறது.
அதற்கு மேல் எல்லா மாடியும் அதே இடி.

ஒரு தகடு அதிகம்.
மூன்று தகடு சேர்ந்தால் ஒரு செங்கல்.
ஒரு தகடு என்றால் மூன்று மில்லிமீட்டரும் சொச்சமும்.
'எடு' என்றேன்.
'அது தரை' என்றான் இம்தியாஸ்.
கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி,
மூன்று ராத்திரி, நகம் பெயர, பதித்த தரை.
தரையை எடுத்தால் கடை எதன்மேல் நிற்கும்?

அப்படியானால் உச்சியில் போய் இரு,
உனக்கு மேலே யாருக்கும் தொல்லையில்லை.
'கறிக்கு ஒன்பது மாடி எவன் ஏறுவான்?'

நிஜத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு யாரும் விழுவதில்லை.
முப்பதுக்கு விழுவார்கள்.
போன மார்ச்சில் ஒரு பெண்மணி,
கையில் முட்டை அட்டை.
அறிக்கையில் 'சிறு மட்ட வேறுபாடு' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டவள் நான்.
முட்டையைப் பற்றி எழுதவில்லை.
அவள் இடுப்பைப் பற்றியும் எழுதவில்லை, அந்தப் பத்தி வேறொருவருடையது.

அன்று தேநீர் ஆறும்வரை யாரும் பேசவில்லை.
பிறகு பிரெனிஷா தன் ஆஸ்பத்திரியைப் பெயர்த்தெடுத்து
தலையில்லாதவனின் காலடியில்
பச்சைத் தகடு பரப்பத் தொடங்கினாள்.
'கம்பளம்' என்றாள், என்னைப் பார்க்காமல்.
லுங்கேலோ தார் போட்டான்.
எட்டுத் தளமும் அப்படியே உயர்ந்தன.
சுவரில் ஒட்டிய சட்டத்தில் நானே திருத்தினேன்:
பத்துச் செங்கல், ஒரு தகடு.

என் மின்வெட்டுக்கு மட்டும் இன்னும் போடவில்லை.
கறுப்புத் தகடு தீர்ந்துவிட்டது,
வேறு நிறம் எனக்கு ஒப்பவில்லை.
ஆகவே சீட்டில் எது வந்தாலும்
இப்போதைக்கு அது உச்சியில்.
தொப்பிக்காரன் அங்கே ஒரு தகடு கீழே குதிக்க வேண்டும்.
குதிக்கட்டும்.
இருட்டில் எப்படியும்
காலால் தடவித்தான் இறங்குவான்.