இடது பாதி

பதிவு செய்ய ஏசியை அணைக்க வேண்டும்.
சோஹாரில் ஜூன் மாதம் ஏசியை அணைப்பது
என்னவென்று
இந்த முறையைப் பரிந்துரைத்த டீனுக்குத் தெரியாது.
சமையலறைக் கதவைச் சாத்தி
ஃப்ரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு
பதினொரு நிமிடம் பெர்னூலி.

பாடம் இனி வீட்டில்,
வீட்டுப்பாடம் இனி வகுப்பில்.
முப்பத்திரண்டு பேருக்கு லிங்க் போனது.
பத்தொன்பது பேர் திறந்தார்கள்.
கடைசிவரை வந்தவர்கள் ஆறு.
"பாதி வேகத்தில் கேட்டால்
அழப்போகிறவர் மாதிரி இருக்கிறீர்கள், டீச்சர்"
என்றாள் ஷம்ஸா.
என் ஆங்கிலத்துக்கு அவள் காது வைத்திருக்கும் வேகம் அது.

ஞாயிறு காலை எட்டு மணி.
மார்க்கர் இல்லாத கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.
பதினான்கு வருடம் பேசிய வாய்.
அறையில் ஏசி மட்டும் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

ஹமூத் எழுந்தான்.
இரவில் மாமாவின் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்.
டாங்க் நிரம்பும் நேரத்தில் பார்த்தானாம், இரண்டு முறை.
"குழாய் குறுகினால் அழுத்தம் குறையும் என்கிறீர்கள்.
ஹோஸின் வாயைக் கையால் பாதி அடைத்தால்
அது ஏன் என் கையைத் தள்ளுகிறது?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிக்கொண்டு
மார்க்கரை அவனிடம் நீட்டினேன்.
போர்டு முன்னால் நாலு பேர், அப்புறம் ஏழு பேர்,
அரபியில் சண்டை.
தண்ணீர் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

நிற்க இடமில்லை.
கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.
நாற்காலி சில்லிட்டிருந்தது,
நேர் மேலே ஏசியின் வாய்.
ஜன்னல் வெயில் போய் விழுந்ததில்
போர்டின் இடது பாதி
வெறும் வெளிச்சம்.
ஹமூத் அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தான்.
கை அசைந்தது.
எழுத்து இல்லை.

சூத்திரங்களை நான்
இடது பக்கம்தான் எழுதுவேன்.
சிவப்பில் கட்டம் கட்டி,
இதை மட்டும் மறக்காதீர்கள் என்று
இரண்டு தடவை தட்டிக் காட்டி.

இந்த நாற்காலியிலிருந்து தலையாட்டியவர்கள்
இப்போது எந்தத் துறைமுகத்தில்
எந்த வால்வைத் திருகுகிறார்களோ.

"தெரியலை" என்றேன்.
தமிழில் வந்துவிட்டது.
எல்லாரும் திரும்பினார்கள்.

என் கண் சுருங்கியதைப் பார்த்து
ஷம்ஸா போய்த் திரைச்சீலையை இழுத்தாள்.
பாதியில் சிக்கியது.
"அது அங்கேதான் நிற்கும் டீச்சர்,
எப்பவும்."

ஹமூத் வலது பக்கம் நகர்ந்து
முதலிலிருந்து எழுதத் தொடங்கினான்.