கூரைக் கணக்கு

முப்பத்தொரு வீடுகள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
நீலப் பெயின்ட் ஒரு டப்பா,
எண்கள் வெட்டிய தகரத் துண்டுகள்,
நாற்பது படிவம், நான்கு நாள் படி.
சனந்தாஜிலிருந்து பஸ்,
மரிவானிலிருந்து ஜீப்,
பாலம் உடைந்த இடத்திலிருந்து
ஹேமினின் கழுதை.

தெரு எங்கே என்றேன்.
“அதில்தான் நிற்கிறீர்கள்” என்றான்.
குனிந்து பார்த்தேன்:
காலருகே ஒரு புகைபோக்கி.
உள்ளே யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்.

சுண்ணாம்பும் இல்லை, சிமென்ட்டும் இல்லை,
கல்லைக் கல் பிடித்துக்கொண்டு நிற்கிற ஊர்.
மலை சாய்ந்த சாய்வுக்கு
வீட்டின்மேல் வீடு, அதன்மேல் வீடு.
கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டு முற்றம்.
தலைமேல் ஏறி நடக்கிறான் என்று
இங்கே யாரும் யாரையும் திட்டிவிட முடியாது.

மூன்றாம் எண்ணில் அறை முழுக்க அக்ரூட்,
நடுவே கட்டில் ஒரு தீவு.
ஏழில் புதுமணத் தம்பதி;
குளிர்பதனப் பெட்டி வாசலில் நுழையாமல்
வெளியிலேயே நின்று உறுமுகிறது,
உச்சியில் ஒரு சேவல்.
பதினொன்றில் யாரும் இல்லை, சாவி பன்னிரண்டில்.
பன்னிரண்டிலும் யாரும் இல்லை.
பதினான்கில் தேநீர். பதினைந்தில் தேநீர்.
பதினாறில் தேநீர் வேண்டாம் என்றதற்கு
மாதுளையைப் பிளந்து மடியில் வைத்தாள் ஒருத்தி.
அந்தப் படிவம் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

பத்தொன்பதில் அவ்தேர், தேன்பெட்டிக்காரர்.
கூரை யாருடையது? இது ஒன்பதாம் கேள்வி.
“மேலே இருக்கிறவளின் முற்றம் அது.
அவள்தான் உருட்ட வேண்டும்.”
மண்கூரை.
ஒவ்வொரு மழைக்கும் முன்னும் பின்னும்
கல்லுருளையால் அழுத்தாவிட்டால் ஒழுகும்.
ஒன்பது வருடமாகப் பேச்சில்லை என்றான் ஹேமின்,
ஊருக்கு வாய்த்த ஏதோ சிறப்பைச் சொல்வதுபோல.
சுவரோரம் மூன்று அலுமினியப் பாத்திரங்கள்
வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

எழுதிக்கொண்டிருக்கையில் அவர் கையைத் தூக்கினார்.
காதைக் கொடுத்தேன்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
“அதைத்தான் சொல்கிறேன்” என்றார்.
“விடிந்ததும் கோழிக்கு எட்டு அடி.
விறகுக்கு ஐந்து.
துணி உதற மூலைவரை பன்னிரண்டு.
இன்றைக்கு இரண்டே இரண்டு.
அதிலும் இரண்டாவது இழுத்தது.”
பிறகு தேன்தட்டைச் சுரண்டியபடி,
“இருபதை முதலில் முடித்துவிட்டு வாயேன்.”

இருபதில் குவெஸ்தான்.
வாசற்படியில் வழுக்கியிருக்கிறாள்;
கதவுக்குள் தவழ்ந்து வந்து, காலை நீட்டி,
கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில்.
ஹேமின் ஜீப்பைத் தேடி ஓடினான்.
“அந்தக் காட்டெருமை அனுப்பியதா?”
“படிவம் அனுப்பியது” என்றேன்.
“பொய் சொல்லவாவது கற்றுக்கொண்டு வேலைக்கு வா”
என்று சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்தாள்.
முற்றம் யாருடையது? பத்தாம் கேள்வி.
“கீழே இருக்கிறவனின் கூரை. அவன் உருட்டட்டும்.”

மேற்கில் மலையைக் காணவில்லை,
மேகம்தான் இருந்தது.
யாரும் என்னைச் சொல்லவில்லை.
படிவத்தை ஒரு கல்லுக்கடியில் வைத்துவிட்டு
உருளையின் பிடியைப் பற்றினேன்.
ஒரு கன்றுக்குட்டியின் எடை,
அதே கன்றின் பிடிவாதம்.
போக ஒன்பது அடி, வர ஒன்பது.
“கோணல்!” என்றாள் கதவிலிருந்து.
ஈர மண் நசுங்கும் சத்தம்,
என் சட்டைக்குள் வியர்வை,
நகராட்சி விதிகளில் இதற்குப் படி கிடையாது.

அப்போது கீழிருந்து
கம்பால் கூரையில் இரண்டு தட்டு.
நன்றி சொல்கிறார் என்று நினைத்து நின்றேன்.
“இடது மூலை” என்றாள் குவெஸ்தான்
தலையைத் தூக்காமல்.
“அங்கேதான் ஒழுகுகிறதாம்.”

இடது மூலைக்குத் திருப்பினேன்.
ஒன்பதும் பத்தும் காலி.
இன்னும் பதினொரு வீடு பாக்கி.