அடிவரி

ஒரு வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து.
ரெண்டு வரிக்கு மேல போனால்
நாம் வாசித்து முடிக்க முதல்
திரையில் ஆள் வாயை மூடிவிடும்.
நானே வைத்துக்கொண்ட சட்டம் இது,
நாவற்குடா வீட்டில், ராத்திரி ஒன்றரைக்கு,
கரண்ட் போய்வந்த லப்டொப்பின் முன்னால்.

படத்தில் ரெண்டு பிள்ளைகள்.
ஊர் எதுவென்று சரியாகத் தெரியாது,
பனி பெய்கிற இடம். ஒரு குளம் உறைந்துகிடக்கிறது.
சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் ஏறுகிறார்கள்.
எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது அதுதான்.

நாற்பத்தொராவது நிமிசத்தில்
கட்டைமுடிக்காரி மற்றவளின் கையுறையைக் கழற்றி
என்னமோ சொல்கிறாள். ரெண்டு செக்கன்.
அதற்குள் தமிழ் வந்து, நின்று, போய்விட வேண்டும்.

"நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று அடித்தேன்.
ஆரோ கல்யாண மண்டப மைக்கில் பேசுகிற மாதிரி இருந்தது.
"உன்னை நேசிக்கிறேன்."
வாசலில் கொண்டுவந்து தருகிற துண்டுப்பிரசுரம்.
"நீ என் உயிர்."
ஓட்டோவின் பின்கண்ணாடி.
மூன்றையும் அழித்துவிட்டு
குசினிக்குப் போய்த் தண்ணி குடித்தேன்.

செம்பைக் கவிழ்த்து வைக்கும்போது வந்தது,
பதினாறு வருசத்துக்கு முந்தின கல்லடிப் பாலத்திலிருந்து.

பழைய பாலம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போகலாம்.
எங்கள் பக்கம் மறித்துக் கிடந்தது.
லோஜிதா சைக்கிளை இடுப்பில் சாய்த்து
பொருளியல் கொப்பியால் முகத்துக்கு விசிறியபடி
என்னைப் பாராமல் வாவியைப் பார்த்துச் சொன்னாள்:
"எனக்கு உன்னில விருப்பம்கா."

இதே படமென்றால்
அந்த நேரம் மீன் பாடியிருக்கும்.
கமரா கீழே இறங்கித் தண்ணிக்குள் போயிருக்கும்.
எங்களுக்கு வந்தது கல்முனை பஸ்ஸின் ஹோன்.
"விசர்க் கதை" என்றேன். பெடலை மிதித்தேன்.
அந்தக் கரை வரைக்கும் பாலம் கடகடத்தது
முன்னால் ஒரு சைக்கிளுக்கு,
பின்னால் ஒரு சைக்கிளுக்கு.

இந்த மாதிரிப் படங்களில் கடைசியில் ரயில் வரும்.
ஒருத்தி ஏறுவாள், ஒருத்தி நிற்பாள்.
இல்லாவிட்டால் ஒருத்தி செத்துப்போவாள்,
மற்றவள் அழுதே வளர்ந்துவிடுவாள்.
எங்களுக்கும் ரயில் இருந்தது, கொழும்புக்கு, ராத்திரியில்.
ரெண்டு பேரும் ஏறவில்லை.
அவள் வங்கியில் மூன்றாம் கவுண்டர்.
"இதில ஒரு கையெழுத்து, இதில ஒண்டு" என்று
கண்ணாடிக்குக் கீழால் பேனையைத் தள்ளுவாள்.
போன கிழமை காசுத்துண்டோடு சேர்த்து
நானும் ஒன்று தள்ளினேன்:
சனிக்கிழமை, மூன்று மணி, மண்டபத்தின் பெயர்.
வாசித்தாள்.
"சனிக்கிழமை மகனுக்கு டியூசன்."
அதை மடித்தாளா, கசக்கினாளா,
பின்னால் நின்றவர் இடித்ததில் நான் பார்க்கவில்லை.

மண்டபக்காரருக்குத் தையல் வகுப்பென்று சொல்லியிருந்தோம்.
ஆரோ உண்மையாகவே ஒரு தையல் மெசினைக் கொண்டுவந்து
கதவடியில் வைத்திருந்தார்கள்,
கேட்டால் காட்ட.
ஜன்னலுக்கெல்லாம் போர்வை. வெக்கை.
பதினொரு பேர்.
அக்கரைப்பற்றுப் பொடியன் வாசலைத் தாண்டிய பிறகுதான்
ஹெல்மெட்டைக் கழற்றினான்.

பனிக்குள் கையுறை கழன்றது.
திரையின் அடியில், வெள்ளை எழுத்தில்,
முற்றுப்புள்ளி இல்லாமல்

எனக்கு உன்னில விருப்பம்கா

முதலில் சிரிப்பு. அந்தக் "கா"வுக்கு.
பனி ஊர்க்காரிக்கு எங்கட வாய் எப்படி வந்ததென்று.
ரெண்டு செக்கன் முடிந்து வரி போய்விட்டது.
அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.
பொடியன் மடியிலிருந்த ஹெல்மெட்டின் கொழுவியைப்
பூட்டினான், திறந்தான், பூட்டினான்.

ரயில் வந்தது. ஒருத்தி ஏறினாள்.
பெயர்கள் கீழிருந்து மேலே ஓடத் தொடங்கின.
அவற்றை நான் தமிழில் போடவில்லை.
ஆரும் எழும்பவுமில்லை.
தையல் மெசினடியில் இருந்து ஒரு குரல்
"மறுகா?" என்று கேட்டது.