ஒரு ஞாயிறு

குட்டாய்சியில் விடிகாலை நாலு மணி.
பாரி போகும் விமானத்துக்கு
வரிசை வாசலைத் தொட்டுவிட்டது.
வெளியே மழை. உள்ளே
ஈரக் கோட்டுகளின் வாடை,
யாரோ துணியில் சுற்றிக் கொண்டுவந்த
பீன்ஸ் ரொட்டியின் வாடை.

எனக்கு நாலாவது கவுன்ட்டர்.
முதலில் முகம் பார்ப்பதில்லை.
முடியும் தேதி பார்ப்பேன்,
பிறகு கொடுத்த தேதி,
பிறகுதான் முகம்.

இனி விசா வேண்டாம் என்று அறிவித்த அன்று
ஊரே குடித்தது, நானும்தான்.
‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குப் பின்னால்
பொடி எழுத்தில் நின்றதை
யாரும் வாசிக்கவில்லை.
அதை வாசிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
பாஸ்போர்ட்டுக்குப் பத்து வயது தாண்டியிருக்கக் கூடாது.
அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும்
மூன்று மாதம் அது உயிரோடு இருக்க வேண்டும்.
மனிதரிடம் அப்படி
யாரும் உத்தரவாதம் கேட்பதில்லை.

ஜெமால். ஸெஸ்தபோனிக்காரர்.
நகக்கண்ணில் கிரீஸ், லாரி மெக்கானிக்காக இருக்கலாம்.
திரும்பும் டிக்கெட் ஜனவரி முப்பது.
எண்பத்தொன்பது நாள்.
தொண்ணூறு வரை இருக்கலாம்;
ஒன்றை மரியாதைக்காக விட்டிருந்தார்.
பாஸ்போர்ட் பிப்ரவரி பன்னிரண்டு வரை.

‘பிப்ரவரி வரை செல்லும்தானே?’
செல்லும்.
‘பிறகென்ன?’
அது செல்லும்.
நீங்கள் செல்ல முடியாது.

சொன்ன பிறகுதான்
எவ்வளவு கொடூரமான வாக்கியம் என்று தெரிந்தது.
சாமி கொடுத்துவிட்ட வரத்தைக்
கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்
பூசாரி நான்.

யாரிடம் போகிறீர்கள் என்று கேட்கவில்லை.
நவம்பரில் பாரிக்குத் தனியாகப் போகும்
இந்த வயது ஆண்களின் மனைவிகள்
அங்கே யாரோ ஒருவரின் தாயைக்
குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.
ஆறு வருடம், ஏழு வருடம்.
காகிதம் இல்லாததால் வர முடியாது.
வந்தால் திரும்பிப் போக முடியாது.

வரிசை முணுமுணுத்தது.
நான் விரலை மடக்கினேன்.
ஜனவரி பன்னிரண்டு.
டிசம்பர் பன்னிரண்டு.
நவம்பர் பன்னிரண்டு.
இன்று மூன்று.

‘பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை.
அன்று ஒரு விமானம் இருக்கிறது.
திரும்பும் டிக்கெட்டை மாற்றினால்
இப்போதே ஏற்றிவிடுகிறேன்.
ஒன்பது நாள்.’

அவர் என்னைப் பார்க்கவில்லை.
போன் எடுத்தார்.
‘லாமாரா’ என்றார், மீதியை
முதுகு காட்டிச் சொன்னார்.
ஸ்பீக்கரில் இருந்ததை மறந்துவிட்டார் போலும்,
குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது.
ஓடியது. பிறகு நின்றது.

‘எனக்கு ஞாயிறு மட்டும்தானே லீவு’ என்றாள் அவள்.
‘பன்னிரண்டு ஞாயிறு எண்ணி வைத்திருந்தேன்.
கிழவியின் மகளிடமும் சொல்லியிருந்தேன்.’

நான் காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன்,
பார்க்கத் தேவையில்லைதான்.
ஒன்பது நாளில் ஒரே ஒரு ஞாயிறு.
ஏழாம் தேதி.

‘சரி’ என்றது போன்.
‘பிளம் சாறு எத்தனை பாட்டில்?’
‘நாலு.’
‘உடையாமல் சுற்றினாயா?’

கட்டணம் நூற்று நாற்பது லாரி.
நோட்டுகளை இரண்டு பையில் இருந்து எடுத்தார்,
மூன்றாவது பையில் சில்லறை.
எண்ணினேன். சரியாக இருந்தது.
சரியாக இல்லாவிட்டால்
என்ன செய்திருப்பேன் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெட்டியைத் தராசில் வைத்தார்.
குளிர்காலம் முழுக்க இருக்க அடைத்த பெட்டி.
‘எதையாவது எடுத்துவிடலாமா?’ என்று
என்னிடம்தான் கேட்டார்,
ஏதோ நான் அவர் வீட்டு ஆள் மாதிரி.

இருபத்திரண்டு கிலோ எண்ணூறு கிராம்.
அனுமதிக்குள்தான் இருக்கிறது என்றேன்.
சீட்டு ஒட்டி
பெல்ட்டில் தள்ளினேன்.